காலி எடை

குற்றப்பத்திரிகையில் இரண்டு பிரிவுகள். அப்போது நடைமுறையில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டம் 408, ஊழியர் செய்த நம்பிக்கை மோசடி. 477ஏ, கணக்கைப் பொய்யாக எழுதியது. இரண்டுக்குமே ஏழாண்டு வரை சிறை உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் தென்மாவட்டத்து நூற்பாலை ஒன்றின் எடைமேடை எழுத்தர். ஓய்வு பெற நாலைந்து வருடமே பாக்கி.

ஆலையில் சேரும் கழிவுப் பஞ்சை வெளி வியாபாரிகள் வாங்கிப் போவார்கள். லாரி வெறுமையாக வந்து மேடை ஏறும். அது காலி எடை. பஞ்சு ஏற்றிக்கொண்டு திரும்ப ஏறும். அது மொத்த எடை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் நிகர எடை, பில் அதற்குத்தான். 2016-இல் தணிக்கை நடந்தபோது இருப்பு உதைத்தது. கிடங்கில் பஞ்சும் இல்லை, பஞ்சுக்கான பணமும் வந்திருக்கவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்ததில், ஒரே வியாபாரிக்குப் போன லாரிகளுக்கு மட்டும் காலி எடை கூடுதலாக ஏறியிருந்தது. காலி எடை கூடினால் நிகர எடை குறையும், பில்லும் குறையும். லாரிகளின் ஆர்.சி. புத்தகத்தை வைத்து அந்த எடைகள் பொய் என்று போலீசார் சுலபமாகக் காட்டிவிட்டார்கள். எல்லாப் பதிவும் இவருடைய லாகினில், இவருடைய ஷிப்டு நேரத்தில். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்பதுதான் அரசுத் தரப்பு வாதம்.

"நான் அடிச்ச எடை இது இல்ல சார். என் கையெழுத்தை வேற யாரோ போட்ட மாதிரி இருக்கு" என்று அவர் தன் வக்கீலான என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

எடை பொய் என்பதில் இரு தரப்புக்கும் தகராறே இல்லை. பொய் எப்போது உள்ளே புகுந்தது என்பதுதான் கேள்வி. திருட்டுப் போனால் போனது தெரியும். இருக்கிற எண்ணை மாற்றிவிட்டால் எதுவும் காணாமல் போவதில்லை. அதே தேதி, அதே நேரம், அதே பெயர் எல்லாம் அப்படியே இருக்க, நடுவில் ஓர் இலக்கம் மட்டும் வேறாகியிருக்கும். அந்த எடைமேடை மென்பொருளில், ஒரு பதிவைப் பின்னால் யார் எப்போது திருத்தினார்கள் என்று குறித்து வைக்கும் ஏற்பாடே கிடையாது. ஆகவே நள்ளிரவில் யாரோ மாற்றிய எண்ணும் காலை ஷிப்டில் இவர் அடித்த எண்ணாகவே தெரியும்.

எடைச்சீட்டு மூன்று பிரதி அடிக்கும். ஒன்று டிரைவருக்கு, ஒன்று கேட்டுக்கு, ஒன்று அலுவலகத்துக்கு. கம்ப்யூட்டர் வந்த பிறகு அலுவலகத்தில் சீட்டைப் பார்த்து பில் போடுவது நின்றுவிட்டது. மறுநாள் காலை திரையில் இருப்பதற்கு பில் போட்டார்கள். ஆனால் கேட்டில் இருந்த வாட்ச்மேன் பழைய வழக்கத்தை விடவில்லை. வெளியே போகிற ஒவ்வொரு லாரிக்கும் சீட்டைப் பார்த்து வண்டி எண், நேரம், எடை மூன்றையும் நீலப் பேனாவால் ரெஜிஸ்டரில் எழுதி வந்தார். அந்த ரெஜிஸ்டரை யாரும் கைப்பற்றவில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 91-இன் கீழ் மனுப் போட்டு அதை வரவழைத்தேன். ஒரு லாரிக்கு அதில் காலி எடை 6,180, மொத்தம் 14,620, நிகரம் 8,440 கிலோ. கம்ப்யூட்டரில் அதே லாரிக்குக் காலி எடை 6,580, நிகரம் 8,040. ஒரு நடைக்கு 400 கிலோ.

கையால் எழுதியதை யார் வேண்டுமானாலும் எழுதலாமே என்றார் அரசு வழக்கறிஞர். எதிர்பார்த்த ஆட்சேபணைதான். அதே மனுவில் இன்னொன்றும் கேட்டிருந்தேன். கணக்குப் பிரிவில் ஒரு வன்தட்டு இருந்தது. ஒவ்வொரு இரவும் ஒன்பது மணிக்கு அன்றைய தரவு தனிக் கோப்பாக அதில் நகலாகும். வன்தட்டும் எடைமேடைக் கணினியும் தடய அறிவியல் ஆய்வுக்குப் போயின. இரவு ஒன்பது மணிக் கோப்பில் இருந்த எடை, வாட்ச்மேன் எழுதிய எடை. மறுநாள் பில்லில் இருந்தது வேறு எடை. என் கட்சிக்காரரின் ஷிப்டு பகல் இரண்டு மணிக்கே முடிந்துவிடும். சில பதிவுகளுக்கு மறுநாள் அவருக்கு வார விடுமுறை, ஆலைப்பக்கமே வரவில்லை. வெளியிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள் ஒன்றும் அதில் இருந்தது. முன்பு சர்வீஸ் பார்க்க வந்த ஆள் போட்டுவிட்டுப் போனது. அவர் அந்த வேலையை விட்ட பிறகும் கடவுச்சொல்லை மாற்றவில்லை. எடை மாறிய இரவுகளில் அதன் வழியாக யாரோ உள்ளே வந்து போன பதிவு, அந்த மென்பொருளின் சொந்தக் கோப்பிலேயே கிடந்தது.

ஆலை மேலாளர் மூன்றாவது சாட்சி. கம்ப்யூட்டர் அச்சுப்படிக்கு வேண்டிய சாட்சியச் சட்டம் 65பி சான்றிதழில் கையெழுத்திட்டவர் அவர்தான்.

"இந்த அச்சுப்படி கம்ப்யூட்டரில் இருந்தபடியே எடுத்ததா?"

"ஆமாம்."

"எடுத்த அன்று இருந்தபடி. எடை போட்ட அன்றும் இப்படித்தான் இருந்ததா?"

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "அது எனக்குத் தெரியாதுங்க. நான் பிரிண்ட் எடுத்தேன், அவ்வளவுதான்."

ஆலைச் சம்பளம் வாங்குகிறவர், ஆலைக்குச் சாதகமாக ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் மேல் எனக்கு இன்றைக்கும் மதிப்பு உண்டு.

அந்தச் சான்றிதழைப் பற்றி நம் நீதிமன்றங்கள் நிறையவே பேசியிருக்கின்றன. 2014-இல் அன்வர் எதிர் பஷீர் வழக்கில் உச்ச நீதிமன்றம், சான்றிதழ் இல்லாத மின்னணு நகலைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்றது. 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை உறுதி செய்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவு, சான்றிதழில் கோப்பின் கைரேகை போன்ற ஹேஷ் மதிப்பையும் நிபுணரின் கையெழுத்தையும் கேட்கிறது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் ஹேஷ் எடுத்த நொடிக்குப் பிறகு கோப்பு மாறவில்லை என்பதை மட்டுமே அது காட்டும். அதற்கு முன்பே எண் மாறியிருந்தால், மாறிய எண்ணுக்குத்தான் முத்திரை விழும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66 பிரிவுகளில் கணினித் தகவலை மாற்றுவது குற்றம், மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். மாற்றியவனைப் பிடிக்க அது உதவும். மாற்றப்பட்ட எண்ணால் கூண்டில் ஏறியவருக்கு அதனால் என்ன பயன்?

வாதத்தின்போது வங்கதேச மத்திய வங்கியை எடுத்துச் சொன்னேன். 2016 பிப்ரவரியில் அந்த வங்கிக் கணினிகளுக்குள் புகுந்தவர்கள் நியூயார்க்கில் இருந்த கணக்கிலிருந்து 8.1 கோடி டாலரை மணிலாவுக்குக் கொண்டுபோனார்கள். பணத்தை எடுத்ததோடு விடவில்லை. பரிமாற்றப் பதிவுகளைத் தரவுத்தளத்திலிருந்து அழித்து, உறுதிச் செய்திகள் பிரின்டரில் ஒழுங்காக வராதபடியும் செய்திருந்தார்கள். ஒரு நாட்டின் மத்திய வங்கியே தன் பிரின்டரை நம்ப முடியாமல் போயிருக்க, ஆலை அச்சுப்படியை மட்டும் கேள்வி கேட்காமல் ஏற்பது எப்படி என்று கேட்டேன். நடுவர் குறித்துக்கொண்டார்.

எங்கள் வழக்கில் தீர்ப்பு 2019-இல் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் லண்டனில் நீதிபதி பீட்டர் ஃப்ரேசர் பிரிட்டிஷ் அஞ்சல் துறை வழக்கில் தீர்ப்புச் சொன்னார். ஹொரைசன் என்ற மென்பொருள் காட்டிய கணக்குக் குறைவை வைத்து 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்ட கிளை அஞ்சல் நடத்துநர்கள் தண்டிக்கப்பட்டிருந்தார்கள். வெளியிலிருந்து கிளைக் கணக்கை மாற்ற முடியாது என்று அஞ்சல் துறை வருடக்கணக்கில் சொல்லி வந்தது. நடத்துநருக்குத் தெரியாமலே மாற்ற முடியும் என்று அந்தத் தீர்ப்பு கண்டது. அங்கே தாக்கியவன் யாரும் இல்லை, மென்பொருள் கோளாறுதான். ஆனாலும் கூண்டில் நின்றவர்களின் நிலை ஒன்றுதான்: கணினி சரி என்று சட்டம் எடுத்துக்கொண்டது, தவறு என்று காட்டும் பதிவெல்லாம் எதிர்த்தரப்பின் பூட்டுக்குள் இருந்தது. இங்கும் ஒரு கம்ப்யூட்டரை வைத்து ஒருவரைக் கூண்டில் ஏற்றுகிறவர்கள், திருத்தப் பதிவையும் காப்பு நகலையும் கேட்காமலே குற்றப்பத்திரிகையோடு தர வேண்டும் என்று சட்டத்தில் எழுத வேண்டும். மனுப் போடத் தெரிந்த வக்கீல் கிடைத்தால்தான் அவை வெளியே வரும் என்ற நிலை நியாயமில்லை.

என் கட்சிக்காரர் விடுதலையானார், "சந்தேகத்தின் பலனை அளித்து" என்ற சொற்களோடு. அந்தச் சொற்கள் அவரை வாட்டின. தான் செய்யவில்லை என்று நிரூபணம் ஆனதாக எழுதவில்லையே என்று கேட்டார். அரசுத் தரப்பு நிரூபிக்கத் தவறியது என்பதைத்தான் குற்றவியல் நீதிமன்றம் சொல்லும் என்று விளக்கினேன். அவர் சமாதானமாகவில்லை, ஆகவும் வேண்டியதில்லை.

பணிக்கொடையை ஆலை நிறுத்தி வைத்திருந்தது. அதற்குத் தனியாக மனுப் போட்டோம். கேட் ரெஜிஸ்டரின் நகலும் ஆய்வறிக்கையும் அங்கேயும் சான்று ஆவணங்கள் ஆயின. வட்டியோடு தரும்படி உத்தரவானது, ஆலையும் கட்டிவிட்டது.