கடைசி வரிசையில் நிற்கிற முதல் அல்பம்

டெய்லர் ஸ்விஃப்ட்டின் ‘ஈராஸ்’ சுற்றுப்பயணம் 2023 மார்ச்சில் தொடங்கி 2024 டிசம்பரில் முடிந்தது. மொத்தம் 149 நிகழ்ச்சிகள், ஒவ்வொன்றும் மூன்று மணித்தியாலத்துக்கும் மேல். பழைய அல்பங்கள் ஒவ்வொன்றுக்கும் தனி உடுப்பு, தனி மேடை, தனி நிறம். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் அப்படி ஒரு பகுதி இருக்கவில்லை. 2006இல் தன் பெயரையே தலைப்பாக வைத்து வெளியிட்ட முதல் அல்பம்தான் அது. நிகழ்ச்சியின் பின்பகுதியில் அவர் கிற்றாரோடும் பியானோவோடும் தனியாக இருந்து பாடுகிற நேரத்தில், அதிலிருந்து ஒரு பாட்டு எப்பவாவது தலைகாட்டும். அவ்வளவுதான்.

ரசிகர்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. ஆராவது அவருடைய அல்பங்களை வரிசைப்படுத்தினால் முதலாவது அல்பம் பெரும்பாலும் அடியில்தான் நிற்கும். “அது சின்னப்பிள்ளைப் பாட்டு” என்பார்கள். “அது கன்ட்ரி, எங்களுக்குச் சரிவராது” என்பார்கள். ‘ஃபோக்லோர்’ பற்றி ஒரு மணித்தியாலம் கதைக்கிற ஆட்கள் இதைப் பற்றி ஒரு நிமிசம் கதைக்க மாட்டினம்.

நாங்கள் நாலு பேர். ரெண்டு பேர் யாழ்ப்பாணத்தில், ஒராள் மட்டக்களப்பில், ஒராள் பேராதனைக் கம்பஸில். எங்கட வட்ஸ்அப் குழுவில் பாதி இரவுகள் இந்த அல்பத்தைப் பற்றின கதையிலேயே போயிருக்கு. பதினாறு வயதுப் பிள்ளை ஒருத்தி தன்னைச் சுத்தி நடக்கிறதை எவ்வளவு கூர்மையாகப் பார்த்து எழுதலாம் என்பதற்கு எங்களிடம் இருக்கிற நல்ல சாட்சி இது. அதனால்தான் சேர்ந்து எழுதுகிறோம்.

முதலில் அல்பம் வந்த கதை. டெய்லர் பென்சில்வேனியாவில், கிறிஸ்மஸ் மரங்கள் வளர்க்கிற பண்ணையில் சின்ன வயதைக் கழித்தவர். கன்ட்ரி இசையின் தலைநகரம் டென்னசி மாநிலத்தில் இருக்கிற நாஷ்வில். அவருக்கு 14 வயதாக இருக்கும்போது, பாட்டை நம்பி, குடும்பமே நாஷ்விலுக்குப் பக்கத்தில் இருக்கிற ஹென்டர்சன்வில்லுக்குக் குடிபோனது. ஆர்சிஏ என்ற பெரிய இசை நிறுவனம் அவரோடு ஓர் ஆரம்ப ஒப்பந்தம் போட்டிருந்தது. ஆனால் அல்பம் போட அவர்களுக்கு அவசரம் இருக்கவில்லை. இவருக்கு இருந்தது. வெளியே வந்துவிட்டார். பிறகு சோனி/ஏடிவி நிறுவனத்தில் பாடலாசிரியராகச் சேர்ந்தார். அங்கே அவ்வளவு சின்ன வயதில் சேர்ந்தவர் அதுவரைக்கும் ஆரும் இல்லை.

பள்ளிக்கூடம் விட்டால் நேரே பாட்டு எழுதப் போவார். அவரோடு அதிகம் இருந்து எழுதியவர் லிஸ் ரோஸ் என்ற பெண் பாடலாசிரியர். அல்பத்தில் 11 பாட்டு. ஏழு லிஸ் ரோஸோடு சேர்ந்து எழுதியவை. மூன்று டெய்லர் தனியாக எழுதியவை. அவருடைய கை படாத பாட்டு ஒன்றுமே இல்லை. தன்னுடைய வேலை பெரும்பாலும் எடிட்டர் வேலை மாதிரித்தான் இருந்தது என்று லிஸ் ரோஸ் பிறகு சொல்லியிருக்கிறார். “ஆரோ பெரியாக்கள் எழுதிக் குடுத்திருப்பினம்” என்று சொல்கிற ஆட்களுக்கு எங்கட பதில் இது.

நாஷ்விலில் புளூபேர்ட் கஃபே என்று ஒரு சின்ன இடம். பாடலாசிரியர்கள் கிற்றாரோடு வந்து இருந்து பாடுவார்கள். அங்கே இவரைக் கேட்டவர் ஸ்கொட் போர்செட்டா. அவர் அப்போது ‘பிக் மெஷின்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கத் தயாராகிக்கொண்டிருந்தார். நேதன் சப்மன் என்ற, பெரிய பெயர் இல்லாத தயாரிப்பாளர் பெரும்பாலான பாட்டுகளை எடுத்தார். 2006 ஒக்டோபர் 24இல் அல்பம் வெளிவந்தது. முதல் கிழமை விற்பனை ஏறக்குறைய நாற்பதாயிரம். பெரிய வெடி ஒன்றும் இல்லை. ஆனால் ‘பில்போர்ட் 200’ பட்டியலில் அது 157 கிழமைகள் இருந்தது. மூன்று வருசம்! அதில் ஏறின உச்சம் ஐந்தாம் இடம். முதலாம் இடத்துக்கு ஒருநாளும் போகாமல், பிள்ளைகள் ஒராளுக்கு ஒராள் சொல்லிச் சொல்லி மெல்ல மெல்லப் பரவின அல்பம் அது.

சரி, பாட்டுகளுக்கு வருவம்.

முதல் பாட்டு ‘டிம் மக்ரோ’. அது உண்மையான ஒரு கன்ட்ரி பாடகரின் பெயர். டெய்லருக்கு இந்த எண்ணம் வந்தது மேத்ஸ் பாட நேரத்தில். காதலன் படிப்புக்காக வேறு ஊருக்குப் போகப் போகிறான். அவன் இனி எப்ப இந்தப் பாடகரின் பாட்டைக் கேட்டாலும் தன் நினைவு வர வேண்டும் என்று இவள் நினைக்கிறாள். ஆள் இன்னும் போகவே இல்லை. அதுக்குள்ள, போனபிறகு தான் எப்படி நினைக்கப்படப் போகிறேன் என்று யோசிக்கிறாள். யாழ்ப்பாணத்துப் பிரைவேட் பஸ்ஸில் போகேக்க திடீரென்று ஒரு பழைய பாட்டுப் போட்டு, அந்தப் பாட்டோட ஒராளின்ர முகமும் வந்து நிற்கிறது எங்களுக்குத் தெரியாத விசயமா? அதை ஒரு பாட்டாக்கலாம் என்று பதினைந்து வயதில் ஒருத்திக்குப் பிடிபட்டிருக்கு.

கடைசிப் பாட்டு ‘அவர் சோங்’. ஒன்பதாம் ஆண்டில் பள்ளிக்கூடத் திறமைப் போட்டிக்காகத் தனியாக எழுதியது. காதலர் இருவருக்கும் தங்களுக்கென்று ஒரு பாட்டு இல்லை. கதவு அடிக்கிற சத்தம், வீட்டில் இருக்கிற ஆக்களுக்குக் கேட்காமல் இரவில் போனில் மெல்லக் கதைக்கிறது, இதுகள்தான் எங்கட பாட்டு என்கிறாள். பெரிய வார்த்தை ஒன்றும் கிடையாது. இந்தப் பாட்டு 2007 டிசம்பரில் கன்ட்ரி பட்டியலில் முதலிடத்துக்கு வந்து ஆறு கிழமைகள் இருந்தது. தனியாக எழுதித் தானே பாடின பாட்டை அந்தப் பட்டியலின் உச்சிக்குக் கொண்டுபோன ஆக்களில் வயதில் ஆகக் குறைந்தவர் இவர்தான்.

இந்த ரெண்டுக்கும் நடுவில் ஆரும் எட்டிப் பார்க்காத பாட்டுகள் கிடக்கு. ‘தி அவுட்சைட்’ அவர் பன்னிரண்டு வயதில் எழுதியது. பள்ளிக்கூடத்தில் ஆரும் சேர்த்துக்கொள்ளாத பிள்ளையின் பாட்டு. இன்ரவல் நேரத்தில் எந்தக் கூட்டத்தோடு போய் நிற்கிறது என்று தெரியாமல் தண்ணிப் போத்தலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்ற ஆட்கள் எங்களுக்குள்ளேயும் இருக்கிறோம். ‘டைட் டுகெதர் வித் எ ஸ்மைல்’, சாப்பாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டு வெளியில் சிரித்துக்கொண்டு திரிந்த ஒரு தோழியைப் பற்றியது. அதில் காதல் இல்லை. இன்னொரு பிள்ளையின் முகத்தை உற்றுப் பார்த்து, அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருக்கு என்று விளங்கிக்கொண்ட பாட்டு அது. ‘மேரீஸ் சோங்’ பக்கத்து வீட்டு வயதான சோடியின் கதையைக் கேட்டு எழுதியது. சின்னப் பிள்ளைகளாக மரத்தடியில் விளையாடியவர்கள் கலியாணம் கட்டி, எண்பதைத் தாண்டியும் ஒன்றாக இருப்பதுவரை மூன்றரை நிமிசத்தில் சொல்லிவிடுகிறார். ஒரு முழு வாழ்க்கையை அப்படிச் சொல்கிற ஆள் பிறகு ‘ஃபோக்லோர்’ எழுதினது எங்களுக்கு அதிசயமாகவே இல்லை.

ஐந்தாவது பாட்டு ‘கோல்ட் அஸ் யூ’. ஒவ்வொரு அல்பத்திலும் ஐந்தாவதாக வருகிற பாட்டுத்தான் மனதை ஆக நோகடிக்கிற பாட்டு என்று ரசிகர்கள் சொல்லிக்கொள்கிற வழக்கம் இங்கேயிருந்துதான் வருகிறது.

எங்களில் ஒராளுக்கு கனடாவில் இருக்கிற மச்சாள் வந்தபோது இந்த அல்பத்தின் சீடியைக் கொண்டுவந்து கொடுத்தா. சீடி போட்டுக் கேட்க வீட்டில் ஒன்றும் வேலை செய்யவில்லை. ஆனால் அதோடு வந்த புத்தகம் இருந்ததே! பாட்டு வரிகள் எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அச்சடித்திருக்கும். இடையிடையே சில எழுத்து மட்டும் பெரிய எழுத்தில். அந்தப் பெரிய எழுத்துகளைச் சேர்த்து வாசித்தால் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு இரகசியச் செய்தி வரும். ரியூஷன் கொட்டிலின் பின் வாங்கில் இருந்து, கொப்பியில் எழுத்து எழுத்தாகப் பொறுக்கி எடுத்தோம். ஒரு பாட்டில் ஏமாற்றின பெடியனின்ர பெயரே திரும்பத் திரும்ப வந்தது. சிரித்த சிரிப்பில் வகுப்பால் வெளியே விட்டுவிட்டார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க ஸ்விஃப்டிகள் நகப்பூச்சின் நிறத்தில்கூடத் தடயம் தேடுகிறார்கள். அந்தப் பைத்தியம் தொடங்கின இடம் இந்தச் சின்னப் புத்தகம்.

இசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பான்ஜோ, ஃபிடில், அழுகிற மாதிரி இழுபடுகிற ஸ்டீல் கிற்றார். கன்ட்ரி எங்களுக்குச் சரிவராது என்று சொல்கிற ஆட்கள் ஒருக்கா வீட்டில் பெரியாக்களிடம் கேட்டுப் பாருங்கள். ஜிம் ரீவ்ஸ் என்ற பெயரைக் கேட்டதும் எத்தனை அப்பாமார், மாமாமாரின் முகம் மாறுது என்று. வானொலிக் காலத்திலேயே இந்த நாட்டுக்குள் வந்து குடியிருந்த இசை அது. அதோடு இந்த அல்பம் சுத்தக் கன்ட்ரியும் இல்லை. ‘டியர்ட்ரொப்ஸ் ஓன் மை கிற்றார்’ பாட்டை பொப் வானொலிகளுக்காக வேறு விதமாகக் கலந்து கொடுத்தார்கள். அது பொதுப் பட்டியலில் 13ஆம் இடம் வரை போனது.

“பென்சில்வேனியாப் பிள்ளைக்கு எங்காலை தென்பகுதி உச்சரிப்பு? நடிப்பு!” என்று ஒரு குற்றச்சாட்டு எப்பவும் இருக்கு. எங்களில் மட்டக்களப்பில் இருந்து வந்து யாழ்ப்பாணத்தில் ரெண்டு வருசம் படித்த ஆள் இதைக் கேட்டுச் சிரிக்கிறா. மூன்றாம் மாதமே “என்ன செய்யிறியள்” என்று கதைக்கத் தொடங்கி, லீவில் வீட்டுக்குப் போனால் அம்மா கேலி பண்ணுவாவாம். பதினாலு வயதில் ஊர் மாறின பிள்ளை, சேரவேண்டிய கூட்டத்தின் பேச்சைப் பிடிக்கிறது நடிப்பு இல்லை. அது சேர விரும்புகிறதின் சத்தம்.

குறை இல்லாத அல்பமா? இல்லை. குரல் சில இடங்களில் மெல்லியது. மேலே ஏறும்போது தடுமாறும். ‘பிக்சர் டு பேர்ன்’ பாட்டின் முதல் பதிப்பில் ஓரினச்சேர்க்கையாளர்களை வைத்து ஒரு மட்டமான பகிடி இருந்தது. வானொலிக்குப் போகும்போது அந்த வரியை மாற்றினார்கள். மாற்றினது நல்ல விசயம். இதுகளைச் சொல்லிக்கொண்டே இந்த அல்பத்தை நேசிக்க எங்களால் முடியும்.

எங்களுக்குக் கோபம் வருகிறது வேறு இடத்தில். “டயறி எழுத்து” என்று சொல்லுவினம் பாருங்கோ, அங்கே. எங்களில் ஒராள் கவிதை எழுதுகிறவ. பள்ளிக்கூடக் காலத்தில் ஒரு போட்டிக்குத் தன்னை விட்டுத் தூரப்போன சிநேகிதியைப் பற்றி எழுதிக் கொடுத்தா. “இந்த வயசில இதையோ எழுதிறது? தாய்மொழி, இயற்கை, இப்பிடி ஏதும் எழுதும்” என்று கொப்பி திரும்பி வந்தது. அதுக்குப் பிறகு மூன்று வருசம் அவ ஒன்றும் எழுதவில்லை. நாஷ்விலிலும் இதே மாதிரி ஒரு நம்பிக்கை இருந்ததாம். கன்ட்ரி கேட்பது வளர்ந்த பெண்கள், பதின்ம வயதுப் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள் என்று. பதின்ம வயதுப் பிள்ளைகளைப் பற்றி ஆரும் எழுதாதபோது அவர்கள் எதைக் கேட்பது? அந்தப் பிள்ளை தன் வகுப்பறையை, தன் லொக்கர் நடையை, தன் தோழியை எழுதினா. 157 கிழமைகள் அதுக்குப் பதில் சொன்னது.

இன்னொரு சங்கதியும் இருக்கு. 2019இல் பிக் மெஷின் நிறுவனம் கைமாறியது. முதல் ஆறு அல்பங்களின் மூலப்பதிவுகளும் அதோடு போயின. டெய்லர் அந்த அல்பங்களைத் திரும்பப் பாடிப் பதிவுசெய்யத் தொடங்கினார். 2021இல் ‘ஃபியர்லெஸ்’, ‘ரெட்’. 2023இல் ‘ஸ்பீக் நவ்’, ‘1989’. ரசிகர்கள் விசுவாசமாகப் பழைய பதிவுகளைக் கேட்காமல் விட்டார்கள். முதலாவது அல்பத்துக்குப் புதுப் பதிவு வரவில்லை. அப்ப என்ன நடந்தது? விசுவாசத்தாலேயே அந்த அல்பம் மௌனமானது. கேட்க வேண்டிய ஆட்களே கேட்காமல் இருந்தார்கள்.

2025 மே 30இல் தன் மூலப்பதிவுகள் எல்லாவற்றையும் தானே திரும்ப வாங்கிவிட்டதாக டெய்லர் அறிவித்தார். முதல் அல்பத்தை முழுதாகத் திரும்பப் பாடி வைத்திருப்பதாகவும் அதே கடிதத்தில் எழுதியிருந்தார். அது வந்தால் நாங்கள் கட்டாயம் கேட்போம். ஆனால் முப்பது வயது தாண்டின, பயிற்சி பெற்ற குரல் ‘தி அவுட்சைட்’ பாடும்போது அது ஒரு நினைவாகத்தான் இருக்கும். பதினாறு வயதுக் குரல் அதைப் பாடும்போது, வெளியில் நிற்கிற பிள்ளை இன்னும் வெளியிலேயே நிற்கிறா. இப்ப அந்தப் பழைய குரலும் அவருடைய சொத்துத்தான். கேட்கத் தடை ஒன்றும் இல்லை.

அதனால் இந்தக் கிழமை ஒரு நாள் நாற்பது நிமிசம் ஒதுக்குங்கோ. போனை மற்றப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ஹெட்போன் போட்டு, ஒன்றையும் தாண்டாமல் வரிசையாகக் கேளுங்கோ. அவசரம் எண்டால் ஆறாவதையும் ஏழாவதையும் பத்தாவதையும் மட்டுமாவது. வீட்டில் பத்தாம் ஆண்டு, பதினொராம் ஆண்டு படிக்கிற தங்கச்சிமார் இருந்தால் அவர்களையும் கூட்டிவைத்துக் கேளுங்கோ. அவர்கள் எழுதின கொப்பி ஏதாவது வீட்டில் கிடந்தால், சிரிக்காமல் கேட்டு வாங்கி வாசியுங்கோ.

எங்கட கவிதைக்காரி இப்ப திரும்ப எழுதத் தொடங்கியிருக்கிறா. முதல் எழுதினது அதே சிநேகிதியைப் பற்றித்தான்.