இரண்டு சிறு கோடுகள்

ஆகஸ்ட் 10, 2025, ஞாயிறு
ஜப்பானிய ஹிரகானா வரிசையின் 46 எழுத்தும் இன்று பார்க்காமல் எழுதினேன். அப்பாவுக்குத் திண்டுக்கல் பூட்டுப் பட்டறையில் வேலை. அதனால் முதலில் 'சாவி'யை எழுத ஆசை. ஜப்பானிய மொழியில் அது 'ககி'. இரண்டாம் எழுத்தைத் 'தங்கம்' என்பதில் வரும் 'க' போல ஒலிக்க வேண்டும். ஆன்லைன் வகுப்பில் காட்டினேன். "இது கடல்சிப்பி" என்றார் டீச்சர். எழுத்தின் தோளில் இட வேண்டிய இரண்டு சிறு கோடுகள் விட்டுப்போயிருந்தன. நமக்கு ஒரே 'க' போதும், இடம் பார்த்து வாயே மாற்றிக்கொள்ளும். அங்கே ஒலி மாறினால் எழுத்திலும் காட்டியாக வேண்டும்.

இரவு அப்பாவிடம் சொன்னேன். "அரத்துல ஒரு இழுப்பு கூடிப்போனாலும் சாவி திறக்காதும்மா" என்றார்.

செப்டம்பர் 14, ஞாயிறு
மரம் ஒன்று வரைந்தால் மரம், இரண்டு வரைந்தால் தோப்பு, மூன்று வரைந்தால் காடு. ஜப்பானியரின் கான்ஜி எழுத்துகள் எல்லாமே இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் மட்டும் 2,136 இருக்கின்றன. ஒரே எழுத்துக்குப் பல வாசிப்பு வேறு. மலை தனியாக நின்றால் 'யாமா', ஃபுஜியோடு சேர்ந்தால் 'சான்'. மொட்டைமாடியில் சிறுமலையைப் பார்த்தபடி அந்த ஒரு எழுத்தையே இரண்டு பக்கம் எழுதினேன்.

அக்டோபர் 12, ஞாயிறு
வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது. ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆங்கிலத்துக்காக ஒருமுறை திருப்பிப் போட்டு, தமிழுக்காக மறுபடி திருப்பிக்கொண்டிருந்தேன். இன்று நடுவில் இருந்த ஆங்கிலத்தை எடுத்துவிட்டு, அடுத்த நிலைப் பாடத்தைத் தமிழிலேயே படித்தேன். 'தபெதே மிரு' என்றால் சாப்பிட்டுப் பார்ப்பது. 'கத்தே ஒகு' என்றால் வாங்கி வைப்பது. அதே 'பார்', அதே 'வை', அதே வரிசை! 'கொரே, சொரே, அரே' மூன்றும் இது, உது, அது. நம் பேச்சில் மறைந்துபோன 'உது' யாழ்ப்பாணத்தில் இன்றும் உயிரோடிருக்கிறது. இரு மொழிகளுக்கும் உறவு உண்டென்று ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ பல ஆண்டுகள் வாதிட்டார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கட்டும், இல்லாமல் போகட்டும். நான் தினமும் பேசும் தமிழுக்குள் இத்தனை நுணுக்கம் இருப்பதை ஜப்பானிய மொழிதான் எனக்குக் காட்டியது.

டிசம்பர் 6, சனி, இரவு
பாண்டியன் எக்ஸ்பிரஸில் எழுதுகிறேன். நாளை சென்னையில் ஜப்பானிய மொழித் திறன் தேர்வு, தொடக்க நிலையான என்5. 180-க்கு 80 எடுக்க வேண்டும், கேட்டல் பகுதியில் மட்டும் 60-க்கு 19. அதுதான் பயம். ஊரில் பேசிப் பழக ஆளில்லை. இதில் தேறியதும் வேலை வந்துவிடாது. நர்சிங் படிக்கும் நான் முதியோர் பராமரிப்புக்கு ஜப்பான் போக, அடுத்த நிலையான என்4 அளவு மொழியும் பராமரிப்புத் துறைத் தேர்வுகளும் வேண்டும். நாளை ஏறப்போவது முதல் படி.

கிளம்பும்போது வாசலில் நின்று அம்மாவிடம் "இத்தே கிமாசு" என்றேன்.

"வெளிய கிளம்புறப்ப 'போயிட்டு வாரேன்'னு சொல்லணும் புள்ள."

"அதைத்தாம்மா சொன்னேன்."