நான் செருகிய கேபிள்

2007-ஆம் வருடம். ஓய்வு பெற எனக்கு இன்னும் இரண்டு வருடம் பாக்கி. மாதக் கடைசி, சம்பள பில் கருவூலத்துக்குப் போக வேண்டிய நாள்.

என் மேசைக்கடியில் நீல நிறக் கேபிள் ஒன்று. ஒரு முனை சுவர்த் துவாரத்தில் இருந்தது, மறுமுனை தரையில் கிடந்தது. எது தரையில் கிடந்தாலும் எனக்குப் பிடிக்காது. புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் மைக்கூடு கோணலாக இருந்தாலே திட்டு விழும். பக்கத்துத் துவாரம் காலியாக இருந்ததால், அதில் செருகிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் ஒரு கணினியும் வேலை செய்யவில்லை. சுவரில் மாட்டியிருந்த ஸ்விட்ச் பெட்டியின் விளக்குகள் எல்லாம் தேர்த் திருவிழா சீரியல் பல்பு போல ஒன்றாகத் துடித்துக்கொண்டிருந்தன. காலையில் கூட்டிப் பெருக்கிய தினக்கூலிப் பையன்தான் எதையோ இழுத்துவிட்டான் என்று கண்காணிப்பாளர் முடிவு கட்டினார். "நாளையிலிருந்து நீ வர வேண்டாம்" என்றார்.

மதியம் வந்த இளம் பொறியாளர் மேசைக்கடியில் தவழ்ந்துபோய் அந்தக் கேபிளைப் பிடித்து, "இதை யார் செருகினது?" என்றார். எல்லோரும் பையனைப் பார்த்தார்கள். ஒரு நிமிடம் போல நானும் பேசாமல் நின்றேன். அந்த ஒரு நிமிடம் இன்றும் உறுத்துகிறது. பிறகுதான் "நான்தான் தம்பி" என்றேன்.

என்ன நடந்தது என்று அவர் எனக்குப் புரியும்படி சொன்னார். நம் அலுவலகத்தில் சுற்றறிக்கை வந்தால் பார்த்தவர் கையெழுத்துப் போடுவார், அவரிடம் அது மறுபடி வராது. ஈதர்நெட்டில் அந்தக் கையெழுத்து கிடையாது. வட்டமாகப் பாதை அமைந்துவிட்டால் எல்லோருக்கும் போகும் செய்தி நகல் நகலாக ஓயாமல் சுற்றும். வேறு வேலைக்கு இடம் இருக்காது.

இதைத் தடுக்க 1985-இல் டிஜிட்டல் நிறுவனத்தில் இருந்த ராடியா பெர்ல்மன் என்ற அம்மையார் கண்டுபிடித்ததுதான் ஸ்பேனிங் ட்ரீ. ஸ்விட்சுகள் 2 விநாடிக்கு ஒருமுறை தங்களுக்குள் பேசி ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்து, மிச்சமான பாதைகளை மூடிவைக்கும். சிறிய எண் உள்ளவரே தலைவர். நாமாக எண் கொடுக்காவிட்டால் எல்லோருக்கும் 32768. அப்போது தொழிற்சாலையில் பதித்த எண் எதில் சிறியதோ அது ஜெயிக்கும். பல சமயம் இருப்பதிலேயே பழைய பெட்டிதான் அது. "இங்கேயும் சீனியாரிட்டிதானா!" என்றேன். சிரித்தார்.

எங்கள் பெட்டியில் அதை யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். காரணம் உண்டு. கணினியைப் போட்டதும் அந்தத் துவாரம் 15 விநாடி கேட்டு, 15 விநாடி கற்று, பிறகுதான் திறக்கும். அதற்குள் கணினி முகவரி கேட்டு அலுத்துப்போய்விடும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியது போல மொத்தமாக அணைத்துவிட்டார்கள். செய்திருக்க வேண்டியது, கணினி மாட்டும் துவாரங்களுக்கு மட்டும் போர்ட்ஃபாஸ்ட் கொடுப்பது. காத்திருக்காமல் உடனே திறந்துவிடும். கூடவே பிபிடியு கார்ட். அந்தத் துவாரத்தில் ஒரு ஸ்விட்சின் பேச்சு, தன் பேச்சே திரும்பி வந்தாலும்கூட, கேட்டவுடன் அதை மூடிவிடும்.

பொறியாளர் இரண்டையும் போட்டார். மாடி ஸ்விட்சுக்குப் போகும் துவாரத்தை மட்டும் விட்டுவிட்டார், அங்கே அந்தப் பேச்சு வந்துதானே ஆக வேண்டும். பிறகு என்னிடமே கேபிளைக் கொடுத்து, "மறுபடி செருகுங்க ஐயா" என்றார். கை நடுங்கியது. செருகினேன். ஒரு விளக்கு அணைந்தது, மற்றவை வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

சம்பள பில் ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தது. பையன் மறுநாள் வேலைக்கு வந்தான். கண்காணிப்பாளர் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒரு டீ வாங்கிக் கொடுத்ததோடு சரி.