மைசூரில் யார் எங்கே படுக்கிறார்கள்

மைசூர்,
ஜனவரி 2025

அன்புள்ள சுப்பையா,

நீ கேட்ட மைசூர்பாகு வாங்கியாயிற்று. சயாஜிராவ் சாலையில், காகாசுர மாதப்பாவின் வழிவந்தவர்கள் நடத்தும் குரு ஸ்வீட் மார்ட்டில்தான். நெய் கையில் ஒட்டுகிறது. உன் சர்க்கரைக்கு ஆகாது என்று தங்கச்சியிடம் போனிலேயே சொல்லிவிட்டேன், பெட்டி அவள் கைக்குத்தான் வரும்.

அரண்மனையும் சாமுண்டி மலையும் நீ பார்த்தவை. வேறொன்று எழுதுகிறேன். பிச்சைக்காரர்களே இல்லாத ஊர்களாக ஆக்குவதற்கென்று மத்திய அரசு 30 ஊர்களைப் பொறுக்கி எடுத்ததே, நினைவிருக்கிறதா? 2026க்குள் முடிக்க வேண்டும் என்று இலக்கு. அந்தப் பட்டியலில் உன் மதுரையும் உண்டு, இந்த மைசூரும் உண்டு. மகள் வீட்டில் தங்கியிருக்கும் இந்த நாட்களில் இரவில் சாப்பிட்டதும் நடக்கக் கிளம்பிவிடுகிறேன். ‘இல்லாமல் ஆக்கப்படப்போகும்’ ஆட்கள் கண்ணில் படுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 7 மணிக்கு அரண்மனையில் ஏறக்குறைய ஒரு லட்சம் பல்புகள் எரியும். ஒரு மணி நேரத்துக்குள் அணைத்துவிடுவார்கள். கூட்டம் கலையும், கடைகள் ஷட்டர் இறக்கும். ஒன்பதரை தாண்டியதும் தேவராஜ மார்க்கெட் பக்கத்துக் கடை வாசல்களில் படுக்க வருகிறவர்கள் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரிக்கத் தொடங்குகிறார்கள். அதற்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. கடைக்காரர் பூட்டைப் பூட்டி ஸ்கூட்டரைக் கிளப்பும்வரை எதிர்ப்புறம் காத்திருப்பார்கள். விடியற்காலையில் அவர் வருவதற்குள் வாசலைப் பெருக்கிவிட்டு எழுந்து போயிருப்பார்கள். இரண்டு தரப்பும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு மாதிரி தெரியவில்லை. ஆனால் நடக்கிறது. இந்த மாதத்தில் இங்கே குளிர் 15 டிகிரிக்குப் பக்கம் இறங்குகிறது. மதுரைக்காரனுக்கு அது ஸ்வெட்டர் குளிர். அவர்களுக்கு ஆளுக்கொரு போர்வை, சிலருக்குச் சாக்கு.

மார்க்கெட்டுக்கு அருகிலேயே லான்ஸ்டவுன் கட்டடம் நிற்கிறது. 2012இல் ஒரு பகுதி இடிந்து விழுந்து 4 பேர் இறந்தார்கள், கடைகளைக் காலி செய்து மூடினார்கள். ஊரின் நட்ட நடுவில் இவ்வளவு நீளமான கட்டடம் ஆளில்லாமல் கிடக்க, அதைச் சுற்றியுள்ள வாசல்களில் மனிதர்கள் முடங்கிப் படுக்கிறார்கள். இடிகிற கட்டடத்தில் யாரையும் தங்க வைக்கக் கூடாது, சரி. பழுதுபார்ப்பதா இடிப்பதா என்று இத்தனை வருடம் யோசிக்கலாமா?

வாசல்காரர்களில் ஒருவர் நன்றாகத் தமிழ் பேசினார். கொள்ளேகால் பக்கம். கல்யாண மண்டபங்களில் சமையலுக்குக் கூடமாட வேலை: காய் நறுக்குவது, அண்டா கழுவுவது, பந்தியில் தண்ணீர் வைப்பது. முகூர்த்த நாட்களில் மண்டபத்திலேயே தூங்கிவிடுவாராம். மற்ற நாட்களில் இங்கே. “சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லண்ணா. படுத்தாத்தான் பயம். பையை அடிச்சுட்டுப் போயிடுவானுங்க” என்றார். ஆதார் அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இடுப்பில் கட்டியிருக்கிறார். மாநகராட்சி நடத்தும் காப்பகத்துக்குப் போகலாமே என்று கேட்டேன். விடியற்காலை 5 மணிக்கு இந்த முனையில் நின்றால்தான் மேஸ்திரி வந்து ஆள் எடுப்பார், தள்ளிப் போய்ப் படுத்தால் அன்றைய கூலி போச்சு என்றார். அவர் பிச்சை எடுப்பவர் அல்ல. ஆனால் ராத்திரி வண்டியில் வருகிறவருக்கு அது எப்படித் தெரியும்?

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. கர்நாடகத்தில் 1975ஆம் ஆண்டுப் பிச்சை ஒழிப்புச் சட்டம் இருக்கிறது. அதன்படி பிச்சை எடுப்பவரைப் பிடித்து நிவாரண மையத்தில் வைக்கலாம். மைசூரில் அந்த மையம் ஜோதிநகரில் இருக்கிறது. ஊர்வாய்க்கு அது பிச்சைக்காரர் காலனிதான். இதற்கான பணம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? சொத்து வரியோடு சேர்த்து 3 சதவீதம் பிச்சை வரி வசூலிக்கிறார்கள். என் மாப்பிள்ளையும் கட்டுகிறார். ரசீதைக் காட்டச் சொல்லிப் பார்த்தபோதுதான் அவரே அந்த வரியைக் கவனித்தார்.

இன்னொரு பக்கம், தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் வந்த வீடற்றோர் காப்பகத் திட்டம். ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், நாள் முழுக்கத் திறந்திருக்க வேண்டும், ஆளுக்கு 50 சதுர அடி என்பது அதன் விதி. 2011 கணக்கெடுப்பில் மைசூர் மாநகராட்சி மக்கள்தொகை ஏறக்குறைய 8.9 லட்சம். அப்போதைய கணக்கிலேயே 9 காப்பகம் வேண்டும். நான் பேச்சுக் கொடுத்த ஆட்டோக்காரர்களுக்குக் காலனிக்கு வழி தெரிந்தது. காப்பகம் என்றால் “யாவுது சார்?” என்று திருப்பிக் கேட்டார்கள்.

ஆக, ஒரே வாசலில் படுத்திருக்கும் ஒரே மனிதர் ஒரு சட்டத்தில் பிடிக்கப்பட வேண்டியவர், இன்னொரு திட்டத்தில் இடம் தரப்பட வேண்டியவர். எந்த வண்டி முதலில் வருகிறதோ அதைப் பொறுத்தது அவர் தலையெழுத்து. காலனி என்றாலே அவர்கள் பயப்படுவதற்கும் காரணம் இருக்கிறது. 2010 ஆகஸ்டில் பெங்களூரு மாகடி சாலைக் காலனியில் அடுத்தடுத்துப் பலர் இறந்தது நாடு முழுக்கச் செய்தியானது. தில்லியில் பிச்சையைக் குற்றமாக்கிய பிரிவுகளை 2018இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2021 ஜூலையில், கொரோனாவைக் காட்டிப் பிச்சைக்காரர்களைத் தெருவிலிருந்து அகற்றக் கேட்டு வந்த வழக்கில், வறுமைதான் அவர்களைத் தெருவுக்குத் தள்ளுகிறது, மேட்டுக்குடிப் பார்வையை எடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. நம் தமிழ்நாட்டுச் சட்டம் 1945ஆம் வருடத்தது. அதனால் கர்நாடகத்தை மட்டும் குறை சொல்லி எழுதுகிறேன் என்று நினைக்காதே.

கே.ஆர். மருத்துவமனைப் பக்கம் இன்னொரு கூட்டம். மைசூர், மண்டியா, சாமராஜநகர் ஜில்லாக்களிலிருந்து வருகிற நோயாளிகளோடு கூட வந்தவர்கள். ஊரில் வீடு, மாடு எல்லாம் இருக்கும். இங்கே ராத்திரி தலைசாய்க்க இடம் கிடையாது. தாளவாடி அம்மா ஒருவர் மரத்தடியில் பாய் விரித்திருந்தார். ஈரோடு மாவட்டம்தான், ஆனால் மலையிறங்கி ஈரோட்டுக்குப் போவதைவிட அவர்களுக்கு இந்தப் பக்கம் கிட்ட. “வார்டுல ஒரு ஆளுக்கு மேல உடமாட்டாங்க சாமி. மகன் உள்ள இருக்கான், நான் இங்க” என்றார். சென்னையில் அரசு மருத்துவமனைகளில் நோயாளியோடு வருகிறவர்களுக்கென்றே மாநகராட்சி காப்பகங்கள் நடத்துகிறது. நல்ல வேலை அது. தெருவில் படுப்பவர்கள் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இப்படி நாலைந்து விதம் உண்டு, ஒரே மருந்தை எல்லோருக்கும் கொடுக்க முடியாது. ஒரே ராத்திரியில் போய் எண்ணும் கணக்கெடுப்புக்கு இதெல்லாம் எங்கே பிடிபடும்? 2011 பிப்ரவரி 28ஆம் தேதி இரவு நாடு முழுக்க எண்ணியதில் வீடில்லாதவர்கள் 17.7 லட்சம் என்று வந்தது. நடைபாதை, மேம்பாலத்தடி, ரயில்வே பிளாட்பாரம், கோயில் மண்டபம் எல்லாம் அதில் சேர்த்தி.

மண்டபம் என்றதும் உனக்கு என்ன தோன்றும் என்று தெரியும். ரயிலை விட்டு இறங்கினால் எதிரே மங்கம்மாள் சத்திரம் உள்ள ஊர்க்காரன் நீ. இங்கே வினோபா சாலையில் நஞ்சராஜ பகதூர் சத்திரம் இருக்கிறது. பழைய வழிப்போக்கர் சத்திரம். இப்போது பலாப்பழ மேளா, நாட்டு விதை மேளா, கைத்தறிக் கண்காட்சி என்று ஏதாவது நடந்துகொண்டிருக்கும். 2020 ஊரடங்கின்போது நஞ்சன்கூடு மருந்துத் தொழிற்சாலையிலிருந்து தொற்று பரவி மைசூரே நடுங்கிக் கொண்டிருந்தது. அப்போது தெருவில் இருந்தவர்களைக் கொண்டுவந்து இந்தச் சத்திரத்தில்தான் தங்க வைத்தார்கள். மாநகராட்சியும் தொண்டு அமைப்புகளும் சேர்ந்து சோறு போட்டன. இடமில்லை, பணமில்லை, ஆளில்லை என்று எத்தனையோ வருடமாகச் சொன்ன காரணங்கள் அந்த வாரத்தில் எங்கே போயின? நோய் நமக்கும் தொற்றும் என்ற பயம் வந்ததும் கூரை கிடைத்துவிட்டது. பயம் தெளிந்ததும் மேளா திரும்பி வந்துவிட்டது. மேளா கூடாது என்று சொல்லவில்லை, பலாப்பழம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தச் சத்திரம் ஸ்டேஷனுக்கும் மார்க்கெட்டுக்கும் நடக்கிற தூரத்தில் இருக்கிறது. கொள்ளேகால்காரர் அங்கே படுத்து எழுந்தால் 5 மணிக்கு அவர் முனைக்கு வந்துவிடலாம். பின்கட்டில் 50 பேருக்கு ராத்திரி மட்டும் இடம் ஒதுக்கினால் மேளாவுக்கு ஒரு குறையும் வராது.

ஊர்க்காரர்கள் மோசமில்லை. கடைக்காரர் ஒருவர் படுப்பவர்களுக்காகவே வெளிவிளக்கை அணைக்காமல் விட்டுப் போகிறார், திருட்டு குறையுமாம். இந்திரா கேண்டீன் 5 ரூபாய்க்குக் காலை டிபன் போடுகிறது, நம் அம்மா உணவகம் மாதிரி. அதே ஊரில்தான், 2016 தூய்மைக் கணக்கெடுப்பில் நாட்டிலேயே முதலிடம் வாங்கிய பெருமையைச் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில், “இவங்களைத்தான் சார் முதல்ல கிளியர் பண்ணணும்” என்றார் நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு பெரியவர். குப்பையையும் ஆளையும் அவர் ஒரே வண்டியில் ஏற்றியது எனக்குப் பிடிக்கவில்லை. சொல்லியும் விட்டேன். மறுநாள் அவர் வேறு பக்கம் நடந்தார்.

நம் ஊரையும் சொல்ல வேண்டும். குன்னத்தூர் சத்திரம் இப்போது மாநகராட்சியின் கடை வளாகம். பெயரில் மட்டும் சத்திரம் மிச்சம். மதுரையும் அந்த 30இல் ஒன்று என்பதால் உனக்கு ஒரு வேலை வைக்கிறேன். மாநகராட்சிக் காப்பகங்கள் எங்கெங்கே இருக்கின்றன, ராத்திரி பத்து மணிக்கு மேல் போனால் கதவு திறக்கிறார்களா, பெரியார் நிலையத்தில் படுப்பவர்களுக்கு அது தெரியுமா என்று விசாரித்து எழுது. அலுவலகத்தில் கேட்காதே, படுப்பவர்களிடம் கேள். நான் வந்ததும் நாம் இருவரும் போய்ப் பார்க்கலாம், மனுக் கொடுக்க வேண்டியிருந்தால் கொடுக்கலாம்.

உன்,
ராமநாதன்