அப்பா பேர் இல்லாத பாட்டு

ஜாதவ்பூர் வந்து நாலு வருஷம் ஆச்சு. பெங்காலி இன்னமும் காய்கறிக்காரர்கிட்ட பேரம் பேசுற அளவுக்குத்தான். ஆனா ஒரு பாட்டு மட்டும் மனப்பாடம். பூஜை வந்தா 8பி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்பீக்கர்ல அதான் ஓடும். பாட்ஷாவோட 'கெந்தா ஃபூல்', 2020 மார்ச்சுல வந்தது. (நம்ம தலைவர் படம் இல்லீங்க, இவர் ராப் பாடகர். 2009ல 'டெல்லி-6'ல வந்ததும் வேற பாட்டு.)

நடுவுல பாயல் தேவ் பாடுற பெங்காலி வரிகளைக் கேட்டா கீழ்வீட்டு மாஷிமாவுக்குக் கோபம் வரும். அவங்களுக்கு அது 1976ல ஸ்வப்னா சக்ரவர்த்தி பாடின ரெக்கார்டு. "யார் எழுதினது மாஷிமா?"ன்னேன். "கிராமத்துப் பாட்டுப்பா, அதை யாரு எழுதுவா?"ன்னாங்க.

எழுதினவர் பேர் ரத்தன் கஹார். பீர்பூம் மாவட்டத்து சிவுரிக்காரர். பீடி சுத்திப் பிழைச்சவர், பாது பாட்டெல்லாம் பாடுறவர். இதை 1972ல எழுதினதா சொல்லியிருக்கார். கணக்குப் பாருங்க. எழுதினவர் பேர் காணாமப் போய், பாட்டு 'ஊர்ச்சொத்து' ஆக வெறும் நாலே வருஷம்!

பாட்டு பொறந்த கதையையும் அவரே சொல்லியிருக்கார். கல்யாணம் ஆகாத ஒரு தாய், மகளுக்குத் தலை வாரிப் பூ வைக்கிறா. குழந்தையோட அப்பா ஒரு பெரிய மனுஷன், ஆனா பேர் குடுக்கல. அதனாலதான் அந்த 'பணக்காரர் மகளே' விளி. பாட்ஷா பாட்டுல அந்த ஏக்கம் போயிடுச்சு. கூந்தலும் பூவும் மட்டும் ஆட்டத்துக்கு மிச்சம்.

அப்பன் பேர் கிடைக்காத பிள்ளையைப் பத்தின பாட்டுக்கே அப்பன் பேர் கிடைக்கல. இதை என்னன்னு சொல்றது?

பாட்ஷாவை மட்டும் திட்டுறதும் நியாயமில்லை. பழைய பதிவுகளைத் தேடினேன், எல்லாத்துலயும் மரபுப் பாடல்னுதான் இருந்துச்சுன்னார். விஷயம் தெரிஞ்சதும் அஞ்சு லட்சம் ரூபாய் அனுப்பினார். 2024ல ரத்தன் கஹாருக்குப் பத்மஸ்ரீ கிடைச்சுது. ரெக்கார்டு வந்து 48 வருஷம் கழிச்சு.

நம்ம பக்கமும் கதை இதேதான். கொல்லங்குடி கருப்பாயி 1985ல 'ஆண்பாவம்' படத்துல முகம் காட்டினாங்க, பேர் நின்னுச்சு. நாத்து நடும்போது மெட்டுக் கட்டினவங்க எத்தனை பேர் பேர் நின்னுச்சு? பல தலைமுறை கை மாறி வந்த, நிஜமாவே ஆள் தெரியாத பாட்டுகளும் உண்டு, மறுக்கல. ஆனா 'ஆள் தெரியாது'ங்கறதும் 'ஆளைக் கேக்கல'ங்கறதும் ஒண்ணில்லையே.

அதனால மக்களே, உங்க ஊர்ப் பாட்டி ஏதாவது பாடினா ஃபோன்ல பதிவு பண்றதோட நிறுத்தாதீங்க. இது யாரு கட்டுனதுன்னும் ஒரு வார்த்தை கேட்டு, பேரையும் சேர்த்து வெச்சுக்கோங்க.