பிழையை ஒப்புக்கொண்ட குரல்

மோட்டார்ப் பந்தயத்தில் எனக்கு ஒருபோதும் நாட்டம் இருந்ததில்லை. எரிபொருளை வீணாக்கி ஒரே பாதையைச் சுற்றிச் சுற்றி வருவதில் என்ன வீரம் என்று வீட்டிற் சலித்துக்கொள்பவன் நான். ஆயினும், என் மகன் பார்க்கும் பழைய பந்தய ஒளிப்பதிவுகளில் ஒலித்த ஒரு குரல், அடுத்த அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த என்னை எழுந்து வரச் செய்துவிட்டது. வீடு தீப்பற்றியவர் அயலாரைக் கூவி அழைப்பது போன்ற குரல் அது. மரே வாக்கர் என்னும் ஆங்கிலேயருடையது என்று மகன் சொன்னான்.

1923 இல் பேர்மிங்ஹாம் நகரிற் பிறந்தவர் வாக்கர். தந்தையார் கிரஹாம் வாக்கர், 1931 இல் ஐல் ஒவ் மான் தீவில் வெற்றி பெற்ற மோட்டார்ச் சைக்கிள் பந்தய வீரர்; பின்னர் வானொலி வர்ணனையாளர். மகன் இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படையிற் பணியாற்றி மீண்டு, 1949 இல் சில்வர்ஸ்டோன் பந்தயத்தை வானொலியில் வர்ணித்தார். அதன்பின் தந்தையும் மைந்தரும் ஒன்றாகவே வர்ணித்தனர். 1962 இல் தந்தை மறைந்தார்.

வயிற்றுப்பாட்டுக்கு வாக்கர் செய்தது விளம்பரத் துறை வேலை. 1978 முதல் பீ.பீ.சி. தொலைக்காட்சியில் போர்மியூலா வண் பந்தயங்களை ஒழுங்காக வர்ணிக்கத் தொடங்கிய பின்னரும் அதனை அவர் விடவில்லை. 1982 இல், தம் 59 ஆம் வயதிலேதான் விட்டார். நம்மவர் ஓய்வூதியப் படிவம் நிரப்பும் வயது அது! 1980 முதல் அவருக்குத் துணையாக இருந்தவர் முன்னாள் உலக வீரர் ஜேம்ஸ் ஹண்ட். இருவருக்கும் ஒரே ஒலிவாங்கி. ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் பொறுத்திருக்க வேண்டும். வாக்கரோ எழுந்து நின்றே முழங்குபவர். ஹண்ட் அமர்ந்தபடி அடங்கிய குரலிற் பேசுபவர். 1993 இல் ஹண்ட் இறக்கும்வரை இந்தப் பொருந்தாக் கூட்டு நிலைத்தது.

வாக்கரின் புகழுக்குப் பாதிக் காரணம் அவருடைய தவறுகள். முன்னே செல்லும் காருக்கு இனி ஆபத்தில்லை என்று அவர் சொல்லி வாய் மூடுமுன் அதிலிருந்து புகை கிளம்பும். ‘நான் பெரிதுந் தவறியிராவிட்டால்’ என்பது அவர் அடிக்கடி வழங்கிய தொடர். மறுகணமே ‘ஆம், பெரிதுந் தவறிவிட்டேன்’ என்று திருத்திக்கொள்வார். 2002 இல் வந்த தம் வாழ்க்கை வரலாற்றுக்கும் அத்தொடரையே பெயராக வைத்தார். கோடிக்கணக்கானோர் கேட்கச் சொன்னதை அவர்கள் முன்னிலையிலேயே மறுத்துக்கொள்ள எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

அவர் வெறும் ஆரவாரக்காரருமல்லர். 1994 மே 1 இல், இத்தாலியின் இமோலாவில், அயர்ட்டன் சென்னாவின் கார் சுவரில் மோதியபோது, நிலைமை தெரியாத நீண்ட நேரத்தை அவரே பேசிக் கடக்க வேண்டியிருந்தது. 1996 ஒக்டோபரில், ஜப்பானில், டேமன் ஹில் உலக வீரரானார். அவருடைய தந்தை கிரஹாம் ஹில்லும் உலக வீரராயிருந்து, 1975 இல் விமான விபத்தில் மாண்டவர். மகன் எல்லைக்கோட்டைக் கடந்த வேளையில், தொண்டை அடைப்பதாற் பேச்சை நிறுத்துவதாகச் சொல்லி வாக்கர் மௌனமானார். அந்த ஒளிப்பதிவை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளின் முன், ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஆண்டைக் கரும்பலகையில் 1638 என எழுதிவிட்டேன். பின் வாங்கில் இருந்த ஒரு மாணவன் எழுந்து, “சேர், 1658 அல்லவா?” என்றான். அவன் சொன்னது சரியென்பது எனக்கு அக்கணமே தெரியும். “அவசரப்படாமல் இரும்” என்றேன். ஏனையோர் சிரித்தனர். மணி அடித்ததும் யாரும் காணாமல் எண்ணைத் திருத்தினேன். அவன் அந்த ஆண்டு முழுவதும் வேறெதுவும் என்னிடம் கேட்கவில்லை.

வாக்கர் 2001 இல் ஓய்வு பெற்று, 2021 மார்ச்சில் 97 வயதிற் காலமானார்.

சென்ற தவணையில் அதே பாடம் வந்தது. இம்முறை வேண்டுமென்றே 1638 என்று எழுதிவிட்டுத் திரும்பி நின்றேன். சற்றுநேரம் காத்திருந்தேன். நாற்பது மாணவரும் தலை குனிந்து அதனைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள்.