ஓசையின்றிக் குறையும் ஒளி

வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலையின் நெரிசலில் எங்கள் தந்தையார் அடிக்கடி பிறர்மீது இடித்துக்கொள்வார். "பார்த்து நடக்கக்கூடாதா, அப்பா?" என்று நாங்கள் கடிந்துகொண்டதும் உண்டு. செய்தித்தாளின் சிற்றெழுத்தையும் தடையின்றிப் படிப்பவருக்குக் கண்ணில் குறை இருக்குமென யார் எண்ணுவார்? 1819-இல் தோன்றிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் சோதித்த பிறகே, கிளாக்கோமா என்னும் கண்நீர் அழுத்த நோய் அவருடைய பக்கப் பார்வையைப் பெரிதும் கவர்ந்துவிட்டதை அறிந்தோம். போன பார்வை திரும்பாது என்றார் மருத்துவர். கடிந்த சொற்களை எண்ணி நாணினோம்.

அண்மையில் தம்பி ஒரு நற்செய்தியோடு வந்தான். கண்ட காட்சியை மூளைக்குக் கொண்டுசெல்லும் நரம்பணுக்கள் ஒரு கண்ணில் ஏறத்தாழ 10 லட்சம். அத்திப்பட்டு அனல்மின் நிலையம் ஊருக்கு மின்சாரம் தருவதுபோல், ஒவ்வோர் அணுவுக்கும் ஆற்றல் தருபவை அதனுள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகள். முதுமையும் கண் அழுத்தமும் அவற்றைத் தளர்த்தும்போது நரம்பணு மடிகிறது. பி3 வைட்டமினின் ஒரு வடிவமான நிக்கோட்டினமைடு, எலிகளில் அத்தளர்ச்சியைத் தடுத்ததாக அமெரிக்க ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்டனர். 2020-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், நோயாளர் சிலரின் விழித்திரைச் செயல் சற்றே மேம்பட்டது.

"இனிச் சொட்டு மருந்து எதற்கு? மாத்திரை வாங்கிவிடலாம்!" என்றான் தம்பி. தந்தையாரின் முகம் மலர்ந்தது. அம்மலர்ச்சியைக் கெடுக்க மனமின்றியே மருத்துவரிடம் கேட்டோம்.

"நம்பிக்கைக்கு இடமுண்டு. ஆனால், பார்வையை நெடுங்காலம் காக்குமா என்பதைப் பெரிய ஆய்வுகள்தாம் சொல்லவேண்டும். மடிந்த அணுவை அது எழுப்பாது. அதிக அளவில் உட்கொண்டால் கல்லீரலுக்குத் தீங்கு நேரலாம். இன்று உறுதியான வழி, கண் அழுத்தத்தைக் குறைப்பதே. சொட்டு மருந்தை நிறுத்தாதீர்கள்" என்றவர், "உங்கள் கண்களைச் சோதித்தீர்களா? இந்நோய் குடும்பத்தில் தொடரக்கூடியது" என்று எங்களைப் பார்த்தார். நாங்கள் வாயடைத்து நின்றோம்.

அவ்வாரமே சோதித்துக்கொண்டோம். எங்களுள் தம்பிக்கு மட்டும் நோயின் தொடக்கம் தெரிந்தது. வலியில்லை, மங்கலில்லை, அவன் ஏதும் உணர்ந்திருக்கவில்லை.

தமிழகத்தில் நடந்த ஆய்வுகளில், இந்நோய் கண்டறியப்பட்டோருள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதுவரை அதனை அறியாதிருந்தனர். நாளை நல்ல மருந்து வரலாம், வரட்டும். அதுவரை காக்கப்பட்ட கண்ணுக்குத்தானே அது பயன்படும்? நாற்பதைக் கடந்தோரே, ஒருமுறை கண்ணழுத்தத்தையும் கண்நரம்பையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒவ்வோர் இரவும் தந்தையாரும் தம்பியும் அருகருகே அமர்ந்து சொட்டு மருந்து இட்டுக்கொள்கின்றனர். மறந்தால் நினைவூட்டுபவர் தந்தையாரே.